சம்பந்தமில்லாத மைதானம்

ஆல்தியா பெலோ லஞ்சம் கொடுக்கப் புறப்பட்டுவிட்டாள் என்பதுதான் அன்று காலை ஓட்டல் வரவேற்பறையில் பேச்சு.

அவள் கையில் ஒரு தகர டப்பா. உள்ளே ரம்மில் ஊறிய கறுப்பு கேக். போகிற இடமோ மூன்றாவது மாடியில் அமெரிக்கக் குழுவின் அறை.

பெண்கள் கால்பந்து உலகக் கோப்பையை நடத்தப்போவது அமெரிக்காவா, போட்டிக்கு நிற்கும் ஐரோப்பிய நாடா என்று மறுநாள் ஓட்டெடுப்பு. நாட்டுக்கு ஒரு ஓட்டு. அவ்வளவு பெரிய அமெரிக்காவுக்கும் ஒன்றுதான், ஆல்தியா கால்பந்துச் சங்கத் தலைவியாக இருக்கும் செயின்ட் ஆம்ப்ரோஸ் தீவுக்கும் ஒன்றுதான். அந்தத் தீவில் மனிதர்களைவிட ஆடுகள் அதிகம்.

லிஃப்ட் வாசலில் கத்பர்ட் மறித்தார். பக்கத்துத் தீவின் தலைவர். ஒரு காலத்தில் இந்தக் கூட்டங்களுக்குக் காலிப் பெட்டியோடு வந்து, மூட முடியாத பெட்டியோடு திரும்பியவர். ஒரு விடியற்காலையில் போலீஸ் ஓட்டல் கதவுகளைத் தட்டிப் பெரிய தலைகளை அள்ளிக்கொண்டு போனபிறகு அவரும் திருந்திவிட்டார். அதாவது, அப்படிப் பரிசாக வாங்கிய கைக்கடிகாரங்களை இப்போது கூட்டத்துக்குக் கட்டிக்கொண்டு வருவதில்லை.

"ஒரு கேக்கைக் குடுத்து மைதானம் கேக்கப் போறியாக்கும்?" என்றார்.

"ஒருத்தரைப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போவாங்களாண்ணே?"

மைதானம் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. செயின்ட் ஆம்ப்ரோஸில் இருப்பது ஒரு சரிவு. பந்தை மேலே வைத்தால் கடலுக்குப் போய்விடும். அதனால் அவள் அணிப் பெண்கள் தங்கள் 'சொந்த மண்' ஆட்டத்தையே கத்பர்டின் தீவில்தான் ஆடவேண்டும். படகில் வாந்தி எடுத்துக்கொண்டு போய், அங்கிருப்பவர்கள் ஊளையிட ஆடித் தோற்றுவிட்டு வருவார்கள். நல்ல ஆட்டக்காரிகள் ஒவ்வொருத்தியாக விலகிக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் போனால் அணியே இருக்காது.

மேலே கைல் என்கிற இளைஞன் கதவைத் திறந்தான். அமெரிக்கக் குழு விதிமுறை தவறாமல் நடக்கிறதா என்று பார்ப்பது அவன் வேலை. டப்பாவைப் பார்த்ததும் பாம்பைக் கண்டதுபோலப் பின்வாங்கினான்.

பரிசு வாங்குவதில்லை என்றான். அது விதி என்றான். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, "இதுல ரம் இருக்கா மேடம்?" என்றான்.

"ரம்லதான் தம்பி கேக் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. பழைய காலம் முடிந்துவிட்டது என்று ஆரம்பித்தான். அமெரிக்கா கால்பந்தைத் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது, ஆனால் சுத்தமாகக் கற்றுக்கொண்டது. இன்று சனிக்கிழமையானால் ஊருக்கு ஊர் பெண் பிள்ளைகள் பந்தை உதைக்கிறார்கள், பெற்றவர்கள் ஓரத்தில் நின்று ஆரஞ்சு நறுக்குகிறார்கள்.

அவன் மூச்சு வாங்கிய இடத்தில் ஆல்தியா, "தம்பி, நான் வந்தது என்னன்னா, எங்க ஓட்டு..." என்று வாயைத் திறந்தாள்.

கைல் உள்ளங்கையை உயர்த்தினான். "ஓட்டைப் பத்தி இந்த அறையில ஒரு வார்த்தை பேசக் கூடாது மேடம். எனக்கு வேலை போயிடும்."



அப்புறம் அவனே, அது வேறு, இது வேறு என்று சொல்லிக்கொண்டு ஒரு பெரிய படத்தை மேசைமேல் விரித்தான். சின்ன நாடுகளுக்கான வளர்ச்சித் திட்டமாம். செயற்கைப் புல், மின்விளக்கு, உடை மாற்ற அறை. செயின்ட் ஆம்ப்ரோஸ் என்று பெயரே எழுதியிருந்தது. ஆடு ஒன்றுகூட இல்லாத செயின்ட் ஆம்ப்ரோஸ்.

ஆல்தியா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இதுக்கும் நாளைய ஓட்டுக்கும் சம்பந்தமே கிடையாது," என்றான் கைல்.

"சம்பந்தமே கிடையாதா?"

"துளிகூட."

"அப்ப நாளை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? கீழே பத்திரிகைக்காரங்க சும்மாதான் உக்காந்திருக்காங்க. இப்பவே கையெழுத்தைப் போட்டு அவங்ககிட்ட சொல்லிடலாமே."

கைல் யோசித்தான். ஓட்டெடுப்பு முடியட்டும் என்று சொல்லலாம். ஆனால் சொன்னால் சம்பந்தம் வந்துவிடும். பக்கத்து அறைக்குப் போனான். அங்கே குரல்கள் உயர்ந்து தணிந்தன. அவனோடு குழுத் தலைவரான ஒரு பெரியவர், முகம் கொள்ளாத சிரிப்பும் கையில் பேனாவுமாக வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே கையெழுத்து, கைகுலுக்கல், புகைப்படம் எல்லாம் முடிந்துவிட்டது.

சாயங்காலம் நீச்சல் குளத்தோரம் கத்பர்ட், கைல் வாங்காத கேக்கை வெட்டித் தின்றுகொண்டிருந்தார். வாய் இனித்தாலும் முகம் இனிக்கவில்லை.

"கடைசியில நீயும் வித்துட்டே ஆல்தியா. நான் கடிகாரத்துக்கு வித்தேன், நீ மைதானத்துக்கு வித்தே. என்னைத் திருடன்னு சொன்ன வாய்தானே இது?"

அவள் தனக்கும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

கத்பர்ட் விடவில்லை. அனுபவஸ்தர் என்ற முறையில் ஒரு புத்திமதியும் சொன்னார். "வாங்கினப்புறம் நாளைக்கு ஓட்டை மாத்திப் போட்டுடாதே. இந்தத் தொழில்ல நாணயம் முக்கியம்."

"ஏண்ணே மாத்தப் போறேன்? எங்க தீவு ஜனத்துல பாதி அமெரிக்காவுல, ப்ரூக்ளின்ல குடியிருக்கு. ஆட்டம் அங்க நடந்தா, தப்பித்தவறி எங்க பிள்ளைக தேறிப் போனாக் கைதட்டவாவது ஆள் இருக்கும். ஓட்டு அமெரிக்காவுக்குத்தான்னு போன மாசமே கமிட்டி கூடி முடிவு பண்ணிட்டோம். அதைச் சொல்லிட்டு வரத்தான் மேலே போனேன். அந்தப் பிள்ளை எங்க பேச விட்டான்?"