இரண்டாவது ரத்தப் பரிசோதனை

பளார் என்று விழுந்த அறையில் வீரபாண்டியின் தலை தலையணையிலிருந்து சரிந்தது.

"கல்யாணமான நாள்லருந்து என்னையப் போட்டு மிதிச்சேல்லா? இந்தா, வாங்கிக்க." இசக்கியம்மாள் மறு கன்னத்திலும் ஒன்று வைத்தாள். அவன் கண்ணைத் திறந்தான். இழுத்து இழுத்து மூச்சு வாங்கியபடி அவளைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

சிமென்ட் தூசியும் பீடியும் நெஞ்சை அரித்துவிட்ட ஆள். மூச்சுத் திணறி விழுந்தவனைப் பழவங்காடியிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தபோதும் வழியெல்லாம் அவள் அடித்துக்கொண்டுதான் வந்தாள். இப்போது ஐசியூ கட்டிலிலும் விடவில்லை.

அவன் தம்பி லிங்கம் ஓடிவந்து அவள் கொண்டையைப் பிடித்துக் கீழே தள்ளினான். "கொலகாரி, எங்கண்ணனக் கொல்லதுக்கா வந்த?" என்று முதுகில் மிதித்தான். யாரும் அவனைத் தடுக்கவில்லை. பெண் அடித்தால்தானே ஊருக்குக் கோபம் வரும்.

செக்யூரிட்டி இருவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். இசக்கியம்மாளின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. உள்ளே வீரபாண்டி நிம்மதியாகக் கண்ணயர்ந்தான்.

சற்று நேரத்தில் இரண்டாவது ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த மலையாளி டாக்டர் ஆர்யாவுக்குத் திக்கென்றது. வந்தவுடன் எடுத்ததைவிடக் கார்பன் டை ஆக்ஸைடு எகிறி, ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தது. கொடுத்த மருந்து மாறவில்லை, ஆக்ஸிஜனும் அதே அளவுதான். தூங்கியதும் மூச்சு குறைந்து, வெளியே போக வேண்டிய காற்று உள்ளேயே தங்கிவிட்டது.

நர்ஸ் தட்டி எழுப்பியதற்கு அவன் முனகியதோடு சரி. இருந்த ஒரே வென்டிலேட்டரும் இன்னொரு நோயாளிக்கு ஓடிக்கொண்டிருந்தது; வேறொன்று அடுத்த ஆஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும்.

டாக்டர் வெளியே ஓடிவந்தார். "சேச்சி, வேகம் உள்ள வாங்க. நீங்க அடிச்சு முழிக்க வெச்சதுனாலதான் அவர் மூச்சு விட்டுட்டிருந்தார். நாங்க தட்டினா கண்ணு தொறக்கல. மெஷின் வர்ற வரைக்கும் நீங்கதான் அவரை விடாம எழுப்பணும். இல்லேன்னா பிழைக்கமாட்டார், கேட்டோ."

லிங்கத்தின் முகம் வெளுத்தது. கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டான். "போங்க மதினி. போய் அடிங்க."

இசக்கியம்மாள் உதட்டு ரத்தத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சுவரோரம் கிடந்த நாற்காலியில் நிதானமாக உட்கார்ந்தாள்.

"அவரு ஒறங்கட்டும், டாக்டரே."