பாபு பாயின் புத்தர்

ஆயிரம் வருஷத்துப் புத்தர் என்று சொல்லி, மும்பை தாதா பாபு ஷிண்டேயின் தலையில் போலிச் சிலையைக் கட்டியவர்கள் நௌஷாத்தும் அவன் மனைவி ஃபிரோசாவும். ரயில் ஏறப்போன இருவரையும் தாதாவின் ஆட்கள் தூக்கி வந்தார்கள்.

"சிலை போலியாமே?" என்றார் பாபு.

நௌஷாத் கைகூப்பினான். "தப்புதான் பாய். இவளை மட்டும் விட்டுடுங்க."

"யார் சொன்னதுன்னு கேக்கலியே?"

"யாரு பாய்?" என்றாள் ஃபிரோசா.

"போலீஸ். மியூசியத்துல திருடுன சிலைன்னு என்னைப் பிடிச்சு உள்ள வெச்சுட்டாங்க. அப்புறம் நிபுணர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, இது போன மாசம் வார்த்ததுன்னுட்டார். கேஸ் நிக்கல, விட்டுட்டாங்க."

நௌஷாத் கூப்பிய கையை இறக்கினான்.

பாபு இருவர் பக்கமும் டீயைத் தள்ளினார். "என் தம்பியும் யார்கிட்டயோ ஒரு பிள்ளையார் வாங்கியிருக்கான். அதுவும் போலிதானான்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க."