எங்க மெம்பர்

“உங்க மெம்பர் மாதிரி பேந்தப் பேந்த முழிச்சிட்டு வந்துறாத, டிலானி. வெளங்குதா?”

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே றிச்சர்ட் சார் ஆரம்பித்துவிட்டார்.

“அவங்களுக்குச் சிங்களம் கேட்டா வெளங்கும் சார். எந்திரிச்சுப் பேசத்தான் வராது.”

“அப்ப எதுக்கு மெம்பரானாங்க? மாசா மாசம் சபைக்குப் போயி பிளேன்டீ குடிக்கவா?”

அந்த மெம்பர் அற்புதமலர், டிலானி வீட்டுக்கு அடுத்த லயத்து வரிசையில் குடியிருப்பவர். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். தோட்டமே ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள்.

அன்றைக்குப் பிரதேச சபையில் மாணவர்களும் பேசுகிற நாள். இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி முடித்த பிள்ளைகளுக்கு ஆளுக்கு மூன்று நிமிடம். நன்றாகப் பேசுகிற ஒருவருக்குக் கொழும்பு முகாமில் இடம்.

சாரின் பள்ளிக்கூடத்திலிருந்து யாரும் இதுவரை அந்த முகாமுக்குப் போனதில்லை. டிலானியின் சிங்களம் அப்படியொரு சிங்களம். தோட்டத்துப் பிள்ளையா இப்படிப் பேசுது என்று சபையே வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக, சார் அவளை ராப்பகலாகப் பழக்கியிருந்தார்.

அவள் முறை வந்தது. பின்வரிசையில் வழக்கம்போல அற்புதமலர் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

“தவிசாளர் ஐயா, எங்க ஆத்துப் பாலத்தப் பத்தித் தமிழ்ல பேசப் போறேன்.”

சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தவிசாளர் சிரித்துக்கொண்டே சிங்களத்தில் கேட்டார். “மகள் நல்லா சிங்களம் பேசுவீங்கன்னு சார் சொன்னாரே?”

“தமிழ்லதான் ஐயா.”

தவிசாளர் முன்வரிசையைப் பார்த்தார். முகாமுக்கு ஆள் எடுக்க வந்த அதிகாரிகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செயலாளரைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில், பக்கத்து அரசாங்கக் கந்தோர் மொழிபெயர்ப்பாளர் காமில் மூச்சு வாங்க ஓடிவந்தார். பாவம், இந்தச் சபைக்கு அவரை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை.

டிலானி ஒரு வரி, காமில் ஒரு வரி. பேச்சு பாதியில் இருக்கும்போதே மணி அடித்துவிட்டது.

அடுத்து எழுந்த டவுன் பையன் சிங்களத்தில் வெளுத்து வாங்கினான். கொழும்புக்கு அவன் பெயரைத்தான் வாசித்தார்கள்.

“கெடுத்தியே,” சார் பல்லைக் கடித்தார். “ஒன் தமிழ்ப் பற்றக் காட்ட வேற நாளே கெடைக்கலியா?”

“மன்னிச்சிருங்க சார்.”

மன்னிப்புதான் கேட்டாள், கண் என்னவோ சாரிடம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் மேலேயே இருந்தது.

மாணவர் நேரம் முடிந்து சபையின் அன்றாட வேலை ஆரம்பமாகிற நேரம். வந்த வேலை முடிந்ததென்று காமில் எழுந்தார்.

டிலானியும் எழுந்தாள். சார் இத்தனை நாளும் ஆசைப்பட்டாரே, பிசிறில்லாத அந்தச் சிங்களம், அது இப்போது சபை முழுக்கக் கேட்டது.

“போயிறாதீங்க ஐயா. எங்க மெம்பர் இன்னும் பேசல.”

காமில் தவிசாளரைப் பார்த்தார். தவிசாளர் அதிகாரிகளைப் பார்த்தார். பிறகு, உட்காருங்கள் என்று காமிலுக்குக் கை காட்டினார்.

பின்வரிசையில் அற்புதமலர் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். முதல் வார்த்தை கொஞ்சம் தடுக்கியது. அப்புறம் தண்ணீர், ரோட்டு, லயத்துக் கூரை என்று ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. காமிலுக்குத்தான் ஈடுகொடுக்க முடியவில்லை.

சாருக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார். “யாரு சார் இவங்க? இந்தப் போடு போடுறாங்க?”

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எங்க மெம்பர்.”