கடைசி ஆளின் விசில்

இன்னாசி அண்ணன் விசிலைக் கழுத்தில் மாட்டிவிட்டபோது லியோனார்ட் அதை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டான்.

ராயபுரத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு வருஷா வருஷம் நடந்து போகிற கூட்டத்தில் கடைசி ஆள் என்பது லேசுப்பட்ட பொறுப்பு இல்லை. அவனுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. எவராவது தளர்ந்து பின்தங்கினால் அவன் விசில் ஊத வேண்டும். முன்னால் போகும் வேன் திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளும்.

இன்றைக்கு எண்ணூர் வரைக்கும் ஒத்திகை நடைதான். ஆனால் ஒத்திகையில் வேன் ஏறியவர்கள் வேளாங்கண்ணிக்கும் வேனில்தான் வர வேண்டும். அது கூட்டத்தின் சட்டம்.

கூட்டத்தலைவர் இன்னாசி விசிலைச் சும்மா கொடுத்துவிடவில்லை. மாதா சிலை இருக்கும் கெபிக்குள் எடுத்துப்போய், மெழுகுவத்திகளுக்கு நடுவே வைத்து, செபம் சொல்லி எடுத்து வந்தார். வழக்கத்தைவிட நீளமான செபம். மந்திரித்த விசிலை வீணாக ஊதிப் பார்க்கவும் கூடாது.

"ஒனக்கே முடியலன்னா நீயே ஊதிக்கணும். மாதா பாத்துகினு கீறாங்க," என்றார்.

லியோனார்ட் தலையாட்டினான்.

முன்பெல்லாம் அவன் முன்வரிசை. மாதா சப்பரத்தை இழுத்துக்கொண்டு போகிறவன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மழையில் பைக் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். அந்த வருஷம் படுக்கையில் போனது. போன வருஷம் வேனில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயம் உரித்தபடி, நடக்கிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டே போனான். வெங்காயம் உரித்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று, கண்ணீருக்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த வருஷமும் அந்த மூட்டைப் பக்கம் போகக் கூடாது. அவனுக்கு வேறு வேண்டுதலே இல்லை.

எக்ஸ்பிரஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. கூட்டம் அவற்றை ஒட்டி வெறுங்காலோடு நடந்தது. திருவொற்றியூர் தாண்டும்போது தொடைக்குள் கம்பி இருக்கும் இடம் சுள்ளென்றது. ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் தேவலை என்று நினைத்தான். உட்கார்ந்தால் கூட்டம் போய்விடும்.

அந்த நேரம் பார்த்து ஃப்ளோரன்ஸ் அக்கா கடலோரத்துக் கல்லில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

ஃப்ளோரன்ஸ் காசிமேட்டில் மீன் விற்கிறவள். கூட்டத்திலேயே மூத்தவள், ஒரு வருஷம்கூட நடை தவறாதவள். அவளுக்கே இப்படி ஆகிவிட்டதே என்று லியோனார்டுக்குப் பாவமாக இருந்தது.

"முட்டி புட்ச்சுகிச்சுப்பா. செத்த நேரம் குந்திகினு போலாம்," என்றாள்.

கடைசி ஆள், தனக்கு முன்னால் இருப்பவர் உட்கார்ந்தால் நிற்கத்தானே வேண்டும். அவனும் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான். சுள்ளென்றது கொஞ்சம் அடங்கியது.

அதன் பிறகு அவள் அடிக்கடி உட்கார்ந்தாள். லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நொண்டினாள். கூட்டம் எங்கோ புள்ளியாகப் போய்விட்டது. சட்டப்படி லியோனார்ட் எப்போதோ ஊதியிருக்க வேண்டும்.

ஒரு தடவை விசிலை உதடு வரைக்கும் கொண்டுபோனான். வேன் ஜன்னலிலிருந்து பார்த்த முதுகுகள் ஞாபகம் வந்தன. அந்த வேதனையை இவளுக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. விசிலைக் கீழே விட்டுவிட்டு, மெதுவாக வாருங்கள் அக்கா, நான் இருக்கிறேன் என்று தைரியம் சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தனக்குக் கம்பி வைத்த கால், அதுவே தாங்குகிறது. இவளுக்கு வெறும் முட்டி.

எண்ணூர் குப்பத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மற்றவர்கள் வேனைச் சுற்றி நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லியோனார்ட் தன் காலில் வந்து சேர்ந்துவிட்டான். அதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

அப்போது கரையில் ஒரு ஃபைபர் படகு ஏறியது. கூடை கூடையாக நண்டு. ஏலம் கூவும் குரல் கேட்டது.

ஏலக்குரல் கேட்டு நின்ற இடத்தில் நிற்கிற மீன்காரி உண்டா? ஃப்ளோரன்ஸ் டீயைக் கீழே வைத்தாள், புடவையை இழுத்துச் செருகினாள், மணலில் ஓடினாள். முட்டியும் கிட்டியும் இல்லை. இளவட்டங்களை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

லியோனார்ட் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். பிறகு சிரிப்பு வந்தது. கள்ளி, வா இங்கே என்று கூப்பிட, மாதா மன்னிக்கட்டும் என்று விசிலை எடுத்து ஊதினான்.

சத்தம் வரவில்லை.

மறுபடி ஊதினான். காற்றுகூடப் போகவில்லை. கையில் எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான். ஓட்டைக்குள் வெள்ளையாக மெழுகு. கெபியில் எரிகிற மெழுகுவத்தியின் மெழுகு, அழுத்தி அடைத்திருந்தது.

நிமிர்ந்தான். இன்னாசி அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார். இதுவரை கடலையே பார்த்திராதவர் மாதிரி அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

அக்கா உட்கார்ந்ததெல்லாம் தன் கால் சுள்ளென்ற நேரம் பார்த்துத்தான் என்பது லியோனார்டுக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டினான். கண்ணையும் துடைத்துக்கொண்டான். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

நடை முடிந்ததும் தலைவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஃப்ளோரன்ஸ் நண்டுப் பையோடு நொண்டி நொண்டித் திரும்பி வந்த பிறகு, எல்லார் முன்னாலும் இன்னாசி கேட்டார், யாருக்காவது ஊதினாயா என்று.

"யாருக்கும் ஊதலண்ணே," என்றான் லியோனார்ட்.

மெழுகைச் சுரண்டாமல் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். வேளாங்கண்ணி வரைக்கும் அதே விசில்தான்.