பாய்லர் ஏற்றும் முறை

"நீங்க ஒருநாள் வரலைன்னா இந்த பாய்லர யாருண்ணே பாத்துக்குவாங்க?"

சரண்யாதேவி மறுபடியும் அதையே கேட்டாள். தனிஸ்லாஸ் பாய்லர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

வண்டியூர்ப் பக்கம், ஆஸ்பத்திரிகளின் விரிப்பும் போர்வையும் வந்து குவிகிற சலவை ஆலை அது. அங்கே நீராவி கொடுக்கிற பாய்லர் பல வருடங்களாகத் தனிஸ்லாஸ் கையில். இப்போது முதலாளி பீமாராவ் சென்னையிலிருந்து இந்தப் பெண்ணை வரவழைத்து, யார் எந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகப் படம் போட வைத்திருந்தார். அந்தப் படம் சீக்கிரம் முடிய வேண்டுமாம்.

பக்கத்து நூல் மில்லிலும் இப்படித்தான் யாரோ வந்து படம் போட்டார்கள். படம் சுவரில் ஏறிய மாதமே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த வயதில் எந்தக் கேட்டில் போய் நின்று வேலை கேட்பது?

"நான் எங்கம்மா போகப்போறேன்? லீவே போட மாட்டேன்," என்று நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். ஆலையில் நடந்த மருத்துவ முகாமில் அவருக்கு எடுத்த ரிப்போர்ட்டை மகள் ஜெஸிதான் வாங்கிக்கொண்டு போயிருந்தாள். வெறும் வாயுக்கோளாறு என்று சொல்லிவிட்டாள்.

"சரிண்ணே, வரிசையாச் சொல்லுங்க. மொதல்ல என்ன செய்வீங்க?"

தண்ணீர் விடுவது, கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்ப்பது, விறகு அடுக்குவது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டார்.

அந்தக் கண்ணாடிக் குழாய் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். பாய்லருக்குள் தண்ணீர் வற்றிப்போனாலும் நிறைய இருப்பதுபோலவே காட்டும். அடியில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்துவிட்டுப் பார்த்தால்தான் உண்மை மட்டம் தெரியும். பார்க்காமல் நெருப்பை ஏற்றினால் பாய்லர் வெடிக்கும்.

அதையும் சொல்லிவிட்டால் நாளைக்கே ஒரு புது ஆளை நிறுத்திவிடுவார்கள். சொல்லாவிட்டால், புது ஆள் வந்தாலும் பழக்கிவிட எப்படியும் தன்னைத்தான் பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள். அப்போது எல்லார் முன்னாலும் அந்தத் திருகைத் திறந்து காட்டிக்கொள்ளலாம், தனிஸ்லாஸ் இல்லாமல் முடியாது என்று அவர்களே சொல்லட்டும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டார்.

"அம்புட்டுதானாண்ணே?"

"அம்புட்டுதாம்மா."

படம் சுவரில் ஏறியது. அதன்பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதே ஆலையில் இஸ்திரி போடுகிற மருமகன் ஆல்பின், முதலாளி அறைக்குள் போவதும் வருவதுமாக இருந்தான். மாமனாரைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு நழுவினான். தன் வேலை போகப்போவது அவனுக்கும் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை என்று தனிஸ்லாஸ் நினைத்தார்.

திங்கட்கிழமை காலை, ஆனையூர் பஸ் ஸ்டாப்பில் அவர் முன்னால் முதலாளியின் கார் வந்து நின்றது.

"ஏறுங்கண்ணே. இன்னிக்கு நீங்க பாய்லர் பக்கம் போக வேணாம்."

போச்சு, எல்லாம் போச்சு. ஏறினால், பின் சீட்டில் ஜெஸி அழுத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"மொதலாளி, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

கார் ஆலைக்குப் போகாமல், மாட்டுத்தாவணியைத் தாண்டி ஓர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது.

"அப்பா, ஒங்க இதயத்துல அடைப்பு இருக்குப்பா," என்றாள் ஜெஸி. "நாளைக்கு ஆபரேஷன். முன்னாடியே சொல்லியிருந்தா, வேல போயிரும்னு வரவே மாட்டீங்க. அதான் மறைச்சோம்."

பீமாராவ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் படமெல்லாம் ஒங்களுக்காகத்தாண்ணே போடச் சொன்னேன். நீங்க தைரியமாப் படுத்து எந்திரிச்சு வரணும்ல? எம்புட்டு நாள் ஆனாலும் அது ஒங்க எடம். வெளியாள விட்டா நீங்க பயப்படுவீங்கன்னு நம்ம ஆல்பினயே நிறுத்தியிருக்கேன். இந்நேரம் அந்தப் படத்தப் பாத்துப் பத்த வச்சிருப்பாப்ல."

தனிஸ்லாஸ் ஜெஸியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"போன்... மாப்ளைக்குப் போன் போடு!"

ஜெஸி போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஆபரேஷன் பயம்தான் அப்பாவை இப்படி ஆட்டுகிறது என்று நினைத்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கப்பா, நீங்க சொல்லிக்குடுத்ததுல ஒண்ணக்கூட மாத்தாமத்தான் செய்வாரு."