திட்டுங்க சார்

பைக்கு வார் தைக்கச் சொன்னால், தெய்வநாயகி வாரோடு சேர்த்துப் பையின் வாயையும் தைத்து வைத்திருந்தாள்.

சார்லஸ் அதை வாங்கி மேலும் கீழும் திருப்பிப் பார்த்தார். உள்ளே ஒரு பென்சில்கூடப் போகாது.

“பரவாயில்லம்மா,” என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வானூர் போகிற வழியில் இருந்த அந்தப் பள்ளிப் பை கம்பெனியில் சார்லஸ்தான் தையல் சொல்லிக்கொடுப்பவர். பழைய ஆட்களிடம் அவர் போடும் சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்கும். புதிதாக வந்த இந்தப் பதினான்கு பெண்களிடம் மட்டும் குரல் பஞ்சாகிவிடும். கோணல் தையலா, பரவாயில்லை. ஊசி உடைந்ததா, பரவாயில்லை. ரேணுகா ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்தபோது, டீ குடித்துவிட்டு வரச்சொல்லி அனுப்பினார். தங்கமான மனுஷன் என்று அவள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

இவர்கள் எல்லோரும் போன மாதம் வரை கூனிமேட்டுப் பக்கம் இறால் உரித்தவர்கள். இறாலை வாங்கிக்கொண்டிருந்த வெளிநாடு திடீரென்று வரியை ஏற்றிவிட்டது. மரக்காணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாத யாரோ போட்ட கையெழுத்துக்கு, இங்கே இறால் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது.

பை கம்பெனிக்கு ஆள் வேண்டியிருந்தது. பாதிச் சம்பளமும் கொடுத்துப் பயிற்சியும் கொடுக்கிறோம், தேறினால் வேலை நிரந்தரம் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். தேறாதவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

தெய்வநாயகியால் வீட்டுக்குப் போக முடியாது. அவள் சம்பளத்தில்தான் இரண்டு மகள்கள் படிக்கிறார்கள். இதுவும் போனால் உப்பளத்தில் கூடை தூக்க வேண்டியதுதான். அந்த வெயிலை அவள் ஒரு வருஷம் பார்த்திருக்கிறாள். அதுவே போதும்.

ஆனால் விரல் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் இறாலின் முதுகு நரம்பைச் சுண்டி உருவிய விரல். துணியில் நூல் நுனி லேசாகத் தலைகாட்டினால் போதும், தைத்ததையே உருவிப் போட்டுவிடும். இறால் கம்பெனியில் ஒரு நரம்பு தங்கிவிட்டாலும் சூப்பர்வைசர் மொத்தத் தட்டையும் திரும்பக் கொட்டிவிடுவாள். அப்படித் திட்டு வாங்கி வாங்கித்தான் தெய்வநாயகி அங்கே முதல் ஆள் ஆனாள். திட்டே விழாத இடத்தில் எப்படிக் கற்றுக்கொள்வது?

கேட்டே விட்டாள்.

“நீங்க பரவாயில்லன்னு சொல்லிட்டுப் போயிடுவீங்க. டெஸ்ட் அன்னிக்கு மேனேஜர் சொல்லுவாரா? எங்களத் திட்டுங்க சார்!”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சார்லஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்களுக்கெல்லாம் பட்டது போதாதாம்மா? இந்த வயசுல, இத்தினி பேருக்கு...” கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “எல்லாரும் ஒரே படகுலயாம்மா போனாங்க?”

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அவர் பார்வை ஒவ்வொரு நெற்றியாகத் தாண்டிப் போனபோதுதான் ரேணுகாவுக்கு உறைத்தது.

“ஐயோ சார்! எங்க வீட்டுக்காரரு ஊட்ல குத்துக்கல்லாட்டம் இருக்காரு!”

இறால் கம்பெனியில் பொட்டு, பூ, வளையல் எதுவும் கூடாது. ஒரே ஒரு பொட்டு இறாலோடு கலந்து போய்விட்டால் கப்பலே திரும்பி வந்துவிடும் என்று மிரட்டி வைத்திருந்தார்கள். வருஷக்கணக்கில் வெறும் நெற்றியோடு வேலைக்குப் போனவர்கள், இங்கேயும் அப்படியே வந்து இறங்கிவிட்டார்கள். இங்கே வைக்கலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சார்லஸோ பெண்களின் முகத்துக்குக் கீழே பார்க்காத மனிதர். தாலியும் மெட்டியும் அவர் கண்ணில் படவே இல்லை.

ஹாலே குலுங்கியது. சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரை ஏறியது. தெய்வநாயகியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

சார்லஸுக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. “நாளைக்கு எல்லாரும் பூ வெச்சிக்கினு வாங்க. அப்புறம் இருக்குது உங்களுக்கு,” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் வேன் கதவைத் திறந்ததும் மல்லிகை வாசனைதான் முதலில் இறங்கியது. பின்னாலேயே பெண்கள் கலகலவென்று இறங்கினார்கள். சார்லஸ் வாசலிலேயே நின்று பார்த்தார். எல்லாத் தலையிலும் பூ. எல்லா நெற்றியிலும் பொட்டு. இத்தனை நாளாக ஊரான் வீட்டு ஆண்களுக்காகத் துக்கம் காத்த மனிதர், அன்றைக்குத்தான் நிம்மதியாக மூச்சு விட்டார்.

உள்ளே போனதும் முதல் வேலையாகத் தெய்வநாயகியின் பையைத் தூக்கி அவள் முன்னால் போட்டார்.

“இன்னாம்மா இது, பையா தலகாணியா? பிரி! மொத்தத்தையும் பிரி!”

கேண்டீன் வரைக்கும் கேட்டது.

தெய்வநாயகி பிரித்தாள், தைத்தாள், திட்டு வாங்கினாள், மறுபடி பிரித்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிப்பதற்குள் வார் நேராக நின்றது. பையும் வாயைத் திறந்தது.

அவள் கணவன் இறந்து நாலு வருஷம் ஆகிறது.

அன்று காலையில் வேன் உப்பளங்களைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, ரேணுகா தன் பூச்சரத்தில் பாதியைக் கிள்ளி, ஒரு பொட்டு அட்டையோடு அவளிடம் நீட்டினாள். தெய்வநாயகி கையைத் தட்டிவிட்டாள். ரேணுகா விடவில்லை.

“பேசாம வெச்சிக்கடி. நீ மட்டும் வெறும் நெத்தியோட எறங்குனீன்னா, அந்தாளு உன்ன மட்டும் திட்டவே மாட்டாரு.”

தெய்வநாயகி அட்டையிலிருந்து ஒரு பொட்டைப் பிய்த்து நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். அப்புறம் பூ வைக்க வாகாகத் தலையைத் திருப்பிக் காட்டினாள்.