தலைக்குமேல் ஒரு கூரை

ஆறிய அச்சைச் சுற்றிப் பட்டறையே கூடி நிற்கிறது. உள்ளே இருப்பது ஒரு காரின் கூரை. கார்பன் நாரில் நெய்த துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் பதித்து, அழுத்தி வேகவைத்தது. முன்பு செய்த இரண்டும் அச்சிலிருந்து எடுக்கும்போதே விரிசல்விட்டுப் போயின. இதுவும் போனால் இந்த வேலையே வேண்டாம் என்று மேலிடம் சொல்லிவிட்டது. வடிவமைத்த பொறியாளர் பெண் விளிம்பில் ஒரு மர ஆப்பை மெல்லச் செருகுகிறாள். ‘டப்’ என்று ஒரு சத்தம். எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். கூரை முழுசாக அச்சைவிட்டுக் கிளம்புகிறது. சன்னல் வெளிச்சம் பட்டதும் அதன் கறுப்பு நெசவு ஈரமானதுபோல் மினுங்குகிறது. அவள் ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போகிறாள். மூலைக்கு மூலை ஒரே சீராகக் கணீரென்கிறது. உள்ளே எங்கும் காற்றுக் குமிழி இல்லை.

“மேஸ்திரி, நீங்களே தூக்குங்க” என்கிறாள்.

இரும்புக் கூரைகளைத் தூக்கித் தூக்கியே இடுப்பு போனவர் மேஸ்திரி. பெல்ட்டை இறுக்கி, காலை அகட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறார். பாரத்துக்கென்று கூட்டிய பலம் போக இடமில்லாமல், கூரை விசுக்கென்று அவர் தலைக்குமேல் போய்விடுகிறது. அவர் தடுமாறி, நிலைகொண்டு, அண்ணாந்து பார்க்கிறார்.

“என்னம்மா இது, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

“அவ்வளவுதான் மேஸ்திரி. போதும், கீழ வைங்க.”

அவர் கையை மடக்கவில்லை.

“இரும்மா. எப்ப வலிக்கும்னு பாத்துக்கிட்டிருக்கேன். வலிக்கவே இல்ல.”